மினி டிராக்டருக்கு சொந்தமா பேக்ஹோ கட்டுறது எப்படி: பக்கெட்டுல ஆரம்பிக்காதீங்க, அடிச்சட்டத்துல ஆரம்பிங்க

பேக்ஹோன்னு சொன்னா நம்மூர்ல பாதிப் பேருக்குப் புரியாது, ஜேசிபியோட பின்னாடி கைன்னு சொன்னா உடனே புரிஞ்சிடும். அந்தக் கையை மட்டும் சின்னதா செஞ்சு 25, 30 எச்பி மினி டிராக்டருக்குப் பின்னாடி மாட்டி, சொட்டுநீர் ட்ரிப் லைனுக்கு காவா எடுக்க, வேலிக்கல்லு குழி போட, பழைய தென்னமரத்து வேரு தோண்ட, இப்படி தோட்டத்து வேலைய நாமளே பாத்துக்கறதப் பத்தித்தான் இந்தக் கட்டுரை. நான் காங்கேயம் பக்கம், எங்க மண்ணு மேல ஒரு முழம் செம்மண்ணு, அதுக்குக் கீழ சுக்கான்ங்கற கல்லு மாதிரி கெட்டியான சுண்ணாம்பு மண்ணு, கடப்பாரை போட்டா பொறி பறக்கும். நான் இத ரெண்டு தடவ கட்டிருக்கேன், முதல் தடவ கட்டுனதப் பிரிச்சுட்டு ரெண்டாவது தடவ கட்டுனதுதான் இப்போ ஓடிட்டு இருக்கு, அந்த ரெண்டுக்கும் நடுவுல கத்துக்கிட்டதத்தான் புதுசா கட்டப்போறவங்களுக்கு எழுதறேன்.

இது ஒண்ணும் புது யோசனை இல்லைங்க. முழுக்க ஹைட்ராலிக்ல ஓடுற பேக்ஹோவ அமெரிக்காவுல வெயின்-ராய்ங்கற கம்பெனி 1948ல முதல்முதலா வித்தப்போ அத மாட்டுனது ஃபோர்டு 8என்ங்கற சாதாரண விவசாய டிராக்டர்லதான். இங்கிலாந்துல ஜேசிபி தன்னோட முதல் பேக்ஹோவ 1953ல கொண்டு வந்துச்சு. அதனால சின்ன டிராக்டர்ல இதெல்லாம் நடக்குமான்னு யாராச்சும் கேட்டா, ஆரம்பமே அங்கதான்னு தைரியமா சொல்லுங்க.

கட்டணும்னு நெனைக்கறவங்க எல்லாருமே முதல்ல பக்கெட்டத்தான் செய்யறாங்க. பல்லு வாங்கி, பிளேட்டு வளைச்சு, பாக்க அழகா இருக்கும், மனசுக்கும் சந்தோசமா இருக்கும். ஆனா பக்கெட்டு கடைசி வேலைங்க. பல்லு முனையில ஒரு டன்னு விசையில மண்ண இழுத்தா அதே ஒரு டன்னு விசை திரும்பி டிராக்டருக்குத்தான் வரும், அது எந்த பின்னு வழியா, எந்த போல்ட்டு வழியா, டிராக்டரோட எந்த எடத்துல போயி ஒக்காருதுங்கறதுதான் மொத்த டிசைனும். இத மட்டும் மனசுல வெச்சுக்கிட்டா மத்தது எல்லாம் பட்டறை வேலைதான்.

த்ரீ பாயிண்ட்ல மாட்டாதீங்க

நான் முதல் தடவ செஞ்ச தப்பு இதுதான். கலப்பை, ரோட்டவேட்டர் எல்லாம் டிராக்டர் பின்னாடி இருக்கற த்ரீ பாயிண்ட் லிங்க்ல, அதாவது கீழ ரெண்டு கை, மேல ஒரு டாப் லிங்க், அதுலதான மாட்டுறோம், இதையும் அப்படியே மாட்டிடலாம்னு கேட்டகிரி 1ங்கற சின்ன டிராக்டர் அளவுக்கு கீழ் பின்னு 22 எம்எம், டாப் லிங்க் பின்னு 19 எம்எம்னு பக்காவா போட்டுக் கட்டுனேன். ரெண்டு நாளு செம்மண்ணுல நல்லாத்தான் ஓடுச்சு. மூணாவது நாளு சுக்கான்ல பல்லு மாட்டிக்கிச்சு, நான் லீவர விடாம இழுத்தேன், மண்ணு வரல, அதுக்குப் பதிலா பேக்ஹோவோட சட்டமே மேல தூக்கிக்கிட்டு சீட்டு பக்கமா சாஞ்சு வந்துச்சு. லீவர விட்டதும் நின்னுச்சு, என் முழங்காலுக்கும் அந்த இரும்புக்கும் நடுவுல ஒரு ஜாண் எடம்தான் இருந்துச்சு. டாப் லிங்க் பின்னு வில்லு மாதிரி வளைஞ்சு போயிருந்துச்சு.

ஏன் அப்படி ஆச்சுன்னா, டிராக்டர் லிஃப்ட்டுக்கு மேல தூக்க மட்டும்தான் தெரியும், கீழ அமுக்கத் தெரியாது, பாரத்தோட கனத்துலதான் அது எறங்கும். பேக்ஹோ தோண்டும்போது விசை ஒரு பக்கம் மட்டும் வராது, இழுக்கும், தூக்கும், திருகும். கீழ் கை ரெண்டும் மேல மெதக்க ஆரம்பிச்சா டாப் லிங்க சுத்தி மொத்தச் சட்டமும் ஆளு மேல மடங்கி வரும். இதுல உசுரு போயிருக்கு. உசுருக்கு ஒண்ணும் ஆகலைன்னாலும் டிராக்டரோட கியர் பாக்ஸும் கிளட்ச் ஹவுசிங்கும் சேர்ற எடத்துல விரிசல் விழலாம், ஏன்னா மினி டிராக்டர்ல தனியா சேஸிஸ் கெடையாது, அந்த வார்ப்பு இரும்புப் பெட்டிங்கதான் ஒண்ணோட ஒண்ணு போல்ட்டு போட்டு சேஸிஸா நிக்குது. முதுகெலும்பு மாதிரி அது.

அதனால சப் பிரேம்னு சொல்ற அடிச்சட்டம் கண்டிப்பா வேணும், இதுல சமாதானமே கெடையாது. ரெண்டு 4 இன்ச் சேனல எடுத்து, பின்னாடி ஆக்ஸில் ஹவுசிங்ல இருந்து டிராக்டர் வயித்துக்கு அடியில ரெண்டு பக்கமும் ஓடி, முன்னாடி ஆக்ஸில் பிராக்கெட்டு வரைக்கும் போகணும். முன்னாடி முனையில கொக்கி மாதிரி ஒரு காது, பின்னாடி ரெண்டு பெரிய பின்னு. அப்போ தோண்டுற விசை கியர் பாக்ஸ வளைக்காது, சேனல் வழியா டிராக்டரோட முழு நீளத்துக்கும் பரவிடும்.

- டிராக்டர் பாடியில டிரில் போடாதீங்க, வெல்டு வைக்கவே வைக்காதீங்க. லோடர், மோவர் மாட்ட கம்பெனியே விட்டிருக்கற போல்ட்டு ஓட்டைங்க இருக்கும், அதத் தேடிப் புடிங்க, அதுக்கேத்த மாதிரி பிராக்கெட்டு பண்ணுங்க.
- ஃபோர் வீல் டிரைவ் வண்டின்னா முன்னாடி போற ஷாஃப்டுக்கு குறைஞ்சது ஒரு இன்ச் எடம் விடுங்க. ஆயில் டிரெயின் போல்ட்ட சேனல் மறைச்சுடாம பாருங்க, நான் மறைச்சுட்டு அப்புறம் சேனல்ல ஓட்டை போட வேண்டியதாப் போச்சு.
- வண்டியில மாட்டி வெச்சு அளவு பாத்து டேக், அதாவது பொட்டு பொட்டா தற்காலிக வெல்டு, அடிக்கும்போது பேட்டரி வயரக் கழட்டிடுங்க, எர்த் கிளாம்ப வெல்டு பண்ற இரும்புலயே, பக்கத்துலயே போடுங்க. முழு வெல்டிங்கு வண்டியில இருந்து கழட்டுன பிறகுதான்.

அளவு எவ்வளவு வெக்கலாம்

ஆறடி ஆழம் போதும்ங்க. அதுக்கு மேல ஆசைப்பட்டா கை நீளம் ஏறும், வெயிட்டு ஏறும், முன்னாடி சக்கரம் தூக்கும். என்னோட அளவு: வண்டிப் பக்கத்து முதல் கை பூம் 1400 எம்எம், அதோட முனையில தொங்கற ரெண்டாவது கை ஆர்ம் 950, பக்கெட் பின்னுல இருந்து பல்லு முனை வரைக்கும் 550, பூம் திரும்புற பின்னு தரையில இருந்து 400 உயரத்துல. பூம 45 டிகிரி கீழ எறக்கி ஆர்ம நேரா தொங்க விட்டா பூம் முனை 990 எறங்கும், அதுல 400 போக 590, அதோட 950, 550 சேத்தா 2090 எம்எம். கணக்குல ஏழடி கிட்ட வரும், கையில நம்பிக்கையா ஆறடி கெடைக்கும்.

வெயிட்ட மறக்காதீங்க. பேக்ஹோ மொத்தமா 280 கிலோன்னு வைங்க, அதோட மையம் பின் ஆக்ஸில்ல இருந்து 900 எம்எம் பின்னாடி தொங்குது, வண்டியோட வீல்பேஸ் 1500. 280ஐ 900ஆல பெருக்கி 1500ஆல வகுத்தா 168 கிலோ, அவ்வளவு பாரம் முன் ஆக்ஸில்ல இருந்து கொறையும். சின்ன வண்டியில முன்னாடி இருக்கறதே 300 கிலோ கிட்டதான், அப்போ ஸ்டியரிங் காத்துல மெதக்கற மாதிரி இருக்கும். முன்னாடி 100 கிலோவுக்காச்சும் வெயிட்டு போடாம ரோட்டுக்கு, மேட்டுக்கு ஏத்தாதீங்க.

இரும்பு வெட்டறதுக்கு முன்னாடி அட்டையில மாதிரி செய்யுங்க. நான் தடிமனான அட்டைய அஞ்சுல ஒரு பங்கு அளவுக்கு வெட்டி, பின்னுக்குப் பதிலா ஆணி குத்தி, சிலிண்டருக்குப் பதிலா ரெண்டு ஸ்கேல ஒண்ணு மேல ஒண்ணு நகர்ற மாதிரி வெச்சு, சமையல்கட்டு டேபிள்ல ஒரு வாரம் ஆட்டிப் பாத்தேன். சிலிண்டரு மூடுன நீளம் ஸ்ட்ரோக்கவிட, அதாவது ராடு வெளிய வர்ற நீளத்தவிட, ஒரு 200லிருந்து 250 எம்எம் வரைக்கும் கூடுதலா வரும், அதையும் அட்டையில காட்டணும், இல்லைன்னா பேப்பர்ல பொருந்தும் இரும்புல பொருந்தாது. முக்கியமா பாக்க வேண்டியது, சிலிண்டரோட கோடு பின்னுக்கு எவ்வளவு தள்ளி ஓடுதுங்கறது. அந்தத் தூரந்தான் நெம்புகோல். முழுசா நீட்டுன நெலையிலயும் முழுசா மூடுன நெலையிலயும் அந்தத் தூரம் 120 எம்எம்முக்குக் கீழ போனா அந்த எடத்துல கை சோந்து போயிடும், பின்னத் தாண்டிப் போயிட்டா மாட்டிக்கிட்டு திரும்பியே வராது.

பக்கெட்டுக்கு சிலிண்டர நேரா மாட்டாதீங்க, ஜேசிபியில பாத்திருப்பீங்க, நடுவுல ரெண்டு லிங்கு இருக்கும், அத வெச்சாத்தான் பக்கெட்டு 180 டிகிரி கிட்ட சுத்தும், மண்ண அள்ளவும் செய்யும் கொட்டவும் செய்யும்.

ஹைட்ராலிக் கணக்கு

இதுல பயப்பட ஒண்ணுமில்ல, மூணே பெருக்கல்தான்.

விசைன்னா சிலிண்டரோட பரப்பு பெருக்கல் பிரஷர், பிரஷர பார்ங்கற அளவுல சொல்லுவாங்க. 63 எம்எம் போர், அதாவது உள்விட்டம், இருக்கற சிலிண்டர்னா பரப்பு 31 சதுர சென்டிமீட்டர் சொச்சம், 150 பார்ல 4.7 டன்னு தள்ளும். இழுக்கும்போது ராடு எடத்த அடைச்சுக்கும், 35 எம்எம் ராடுன்னா 3.3 டன்னுதான். அதனால எந்தப் பக்கம் பலம் வேணுமோ அந்தப் பக்கம் சிலிண்டர் நீள்ற மாதிரி மாட்டுங்க. பக்கெட்டுக்கு 50 எம்எம் போர் போதும், 3 டன்னு வருது, நெம்புகோல் தூரம் 180, பல்லு தூரம் 550ன்னா முனையில ஒரு டன்னு கிட்ட கெடைக்கும். சுக்கான பேக்க அது போதும்.

வேகம்னா பம்பு தர்ற லிட்டர். நிமிசத்துக்கு 20 லிட்டர் வந்தா 63 போர், 450 ஸ்ட்ரோக் சிலிண்டரு முழுசா நீள நாலு செகண்டு ஆகும். புதுசா ஓட்டறவங்களுக்கு இதுதான் சரியான வேகம், இதுக்கு மேல வேகமா வெச்சா ஆளும் தடுமாறும் வண்டியும் குலுங்கும்.

பவர்னா பாரையும் லிட்டரையும் பெருக்கி 600ஆல வகுத்தா கிலோவாட்டு. 150 பெருக்கல் 20, 3000, வகுத்தல் 600, அஞ்சு கிலோவாட்டு. பம்பு நஷ்டம் எல்லாம் சேத்து 8 எச்பி. அதனால 15 எச்பி வண்டியிலயே எஞ்சினுக்கு பலம் பத்தாதுன்னு இல்ல, பத்தாம போறது வண்டியோட கனம்தான்.

பம்பு எங்க மாட்டுறது? டிராக்டரோட சொந்த ஹைட்ராலிக்ல இருந்து லைன் எடுக்கலாம்தான், ஆனா நம்ம சிலிண்டர்ல இருந்து வர்ற தூசி, வெல்டிங் பிசிறு எல்லாம் கியர் பாக்ஸ் ஆயிலோட கலந்துடும், அதுக்கு நான் ஒத்துக்கமாட்டேன். டிராக்டர் பின்னாடி சுத்தற பிடிஓ ஷாஃப்டுல தனி பம்பு போடுங்க. பிடிஓ 540 ஆர்பிஎம்தான் சுத்தும், கியர் பம்புக்கு 1500 கிட்ட வேணும், அதனால 1க்கு 3 ஸ்டெப் அப் கியர் பாக்ஸ் வாங்கி பிடிஓ ஷாஃப்டுலயே நேரா மாட்டி, அந்தப் பெட்டியே சுத்தாம இருக்க ஒரு செயின் போட்டுக் கட்டிடுங்க. 14 சிசி பம்புன்னா 1620 ஆர்பிஎம்ல 22 லிட்டர் சொச்சம், நஷ்டம் போக 20. வாங்கும்போது எந்தப் பக்கம் சுத்தற பம்புன்னு கேட்டு வாங்குங்க, தப்பான பக்கம் சுத்துனா முதல் நிமிசத்துலயே ஷாஃப்டு சீலு பிச்சுக்கிட்டு போயிடும்.

வால்வு ஆறு லீவர் வேணும்: பூம், ஆர்ம், பக்கெட், கை இடம் வலம் சுத்தறதுக்கு ஒண்ணு, வண்டி ஆடாம தரையில ஊனற கால் ரெண்டுக்கு ரெண்டு. கோயமுத்தூர்ல புதுசாவே கெடைக்குது. பழசுன்னா உக்கடம் பக்கம் பழைய இரும்புக் கடைங்கள்ல, சென்னைக்காரங்கன்னா புதுப்பேட்டையில தேடலாம், ஆனா பழைய வால்வு வாங்குனா உள்ள ஓடற ஸ்பூல்ங்கற உருளைய வெளிய உருவி வெளிச்சத்துல பாருங்க, நெகத்துல தட்டுப்படற மாதிரி கோடு இருந்தா விட்டுடுங்க, பூம தூக்கி நிறுத்துனா தானா எறங்கிட்டே இருக்கும். சிலிண்டர் பழசு வாங்கலாம், சீல் கிட்டு மாத்திக்கலாம், ராடுல துரு குழி மட்டும் இருக்கக்கூடாது.

பிரஷர் ஹோஸ் ரெண்டு கம்பி வலை வெச்ச ஆர்2 ரகம் போடுங்க, மூணு நூல் அளவு போதும் (எட்டு நூல் ஒரு இன்ச்), அது 330 பார் தாங்கும். டேங்கு 40 லிட்டராச்சும் இருக்கணும், நடுவுல ஒரு தடுப்பு பிளேட்டு வெச்சு ரிட்டன் ஆயில் ஒரு பக்கம் விழுந்து சுத்தி வந்து இன்னொரு பக்கம் பம்புக்குப் போற மாதிரி பண்ணுங்க, ஆயிலு ஆறும், காத்துக் குமிழியும் வெளிய போயிடும். ஆயில் 68 கிரேடு, நம்ம சித்திரை வெயிலுக்கு அதுதான் நிக்கும். ரிட்டன் லைன்ல ஃபில்டர் கண்டிப்பா.

கட்டுற வேலை

பூம் கணக்கு ஒண்ணு மட்டும் போட்டுக் காட்டறேன். பல்லுல ஒரு டன்னு விசை, பூம் அடியில 1.3 மீட்டர் நெம்புதுன்னு வைங்க. 100க்கு 100, 6 எம்எம் சதுரக் குழாயில அந்த வளைவு 190 மெகாபாஸ்கல் கிட்ட அழுத்தம் குடுக்குது. சாதா மைல்டு ஸ்டீலு 250ல வளைஞ்சிடும். பாறையில டொம்முன்னு அடிக்கறப்போ விசை எகிறும், அதுக்கு எடமே இல்ல. அதையே 6 எம்எம் பிளேட்ட வெட்டி 150 உயரம் 100 அகலம் பெட்டியா வெல்டு பண்ணா அழுத்தம் 108க்கு எறங்கிடும், வெயிட்டு மீட்டருக்கு நாலு கிலோ சொச்சம்தான் கூடுது. உயரத்துலதான் பலம், தடிமன்ல இல்ல. பக்கத்து ஊர்ல ஒருத்தரு 12 எம்எம் பிளேட்டுல பூம் கட்டுனாரு, கையோட கனமே அவருக்கு எதிரியாப் போச்சு.

பிளேட்டு, காது எல்லாம் டிராயிங் குடுத்து லேசர் கட்டிங்ல வெட்டி வாங்குங்க. கேஸ் கட்டிங்ல ஓட்டை வட்டமா வராது, ஓட்டை வட்டமா இல்லைன்னா பின்னு ஆட்டம் குடுக்கும், ஆட்டம் குடுத்தா ஒரு மாசத்துல ஓட்டை முட்டையாயிடும்.

பின்னு 32 எம்எம், ஈஎன்8 ரக ஸ்டீலு, புஷ்ஷு கன்மெட்டல், நீளம் குறைஞ்சது 60 எம்எம், ஒவ்வொண்ணுக்கும் கிரீஸ் நிப்பிள். பின்னு காதுக்குள்ள சுத்தக்கூடாது, புஷ்ஷுக்குள்ளதான் சுத்தணும், அதுக்காக பின்னோட தலையில ஒரு சின்ன பட்டை வெல்டு பண்ணி ஒரு போல்ட்டுல காதோட புடிச்சுடுங்க.

வெல்டிங்ல எல்லாரும் தவற விடறது ஒரு எடம். பூம் சுத்தற நடுக்கம்பம் இருக்கு பாருங்க, மேல ஒரு பின்னு கீழ ஒரு பின்னு, நடுவுல 300 எம்எம் எடைவெளி, இந்த ரெண்டு ஓட்டையும் ஒரே நேர்கோட்டுல இருக்கணும். வெல்டு சூட்டுல இழுத்து ரெண்டு எம்எம் சாஞ்சுதுன்னா கை சுத்தாது, திருகிக்கும். நான் பண்ணது: லேத்துல ஒரே நீளமா 32 எம்எம் ராடு ஒண்ண நேரா கடைஞ்சு, அதுமேல ஒரு சுத்து மெல்லிய தகரம் சுத்தி, மேல் புஷ்ஷு கீழ் புஷ்ஷு ரெண்டுலயும் சொருகி வெச்சுக்கிட்டு, எட்டு எடத்துல டேக் அடிச்சேன். அப்புறம் மேல ஒரு இன்ச், கீழ எதிர்ப்பக்கம் ஒரு இன்ச்னு மாத்தி மாத்தி வெல்டு, ஒவ்வொரு தடவையும் கையால தொட்டுப் பாத்து சூடு எறங்குன பிறகுதான் அடுத்தது. ரெண்டு நாளு ஆச்சு. கடைசியில ராட ரப்பர் சுத்தியால ரெண்டு தட்டு தட்டுனேன், வழுக்கிக்கிட்டு வெளிய வந்துச்சு. அந்த ஒரு நிமிசத்துக்காக அந்த ரெண்டு நாள இன்னொரு தடவ குடுக்கச் சொன்னாலும் குடுப்பேன்.

வெல்டிங் ராடு 7018, பத்து கேஜ். சாதா 6013 பளபளன்னு அழகா விழும், ஆனா அதிர்ச்சி தாங்கற எடத்துல 7018தான். ஈரம் ஏறுன ராடு போடாதீங்க, பாக்கெட்டு பிரிச்சு மழைக்காலத்துல வெளிய கெடந்த ராடுன்னா அவன்ல காய வெச்சுத்தான் எடுக்கணும்.

பக்கெட்டு 12 இன்ச் அகலம், பக்கவாட்டு 8 எம்எம், வெட்டுற வாய் 16 எம்எம், மூணு பல்லு. வாய் அகலத்தவிட பின்பக்கம் 20 எம்எம் கம்மியா வைங்க, கரிசல் மாதிரி ஒட்டுற மண்ணு அப்பத்தான் பொத்துன்னு விழும். பல்லுக்குப் பின்னாடி பக்கெட்டோட குதி தரையில ஒரசாம 10, 15 டிகிரி ஒதுங்கி இருக்கணும், ஒரசுனா எவ்வளவு பலம் குடுத்தாலும் பல்லு உள்ள எறங்காது, மண்ணு மேல வழுக்கும்.

கால் ரெண்டையும் விரிச்சா முனைக்கு முனை ஆறடியாச்சும் இருக்கணும், பாதம் ஒரு அடிக்கு ஒரு அடி பிளேட்டு. சீட்டு பேக்ஹோ சட்டத்துலயே மாட்டுங்க, டிராக்டர் சீட்டுல திரும்பி ஒக்காந்து ஓட்டாதீங்க, கீழ நின்னுக்கிட்டு லீவரத் தொடவே தொடாதீங்க, கை சுத்தற வட்டத்துக்குள்ளதான் நின்னுட்டு இருப்பீங்க.

முதல் தடவ ஓட்டும்போது

பிரஷர் அளவு மீறுனா ஆயிலத் திருப்பி விடற ரிலீஃப் வால்வ முழுசா தளர்த்தி வெச்சுட்டு, 250 பார் கேஜ் ஒண்ணு பம்பு லைன்ல போட்டு, எஞ்சின ஐடில்ல விட்டு ஒவ்வொரு சிலிண்டரையும் சும்மா பத்து தடவ நீட்டி மடக்குங்க, காத்து வெளிய போகட்டும், ஆயில் லெவல் கொறையும், ஊத்துங்க. அப்புறம் ஒரு சிலிண்டர முனை வரைக்கும் நீட்டிப் புடிச்சுக்கிட்டு ரிலீஃப கால் கால் சுத்தா இறுக்கி கேஜுல 100க்குக் கொண்டு வாங்க. ஒரு நாளு 100லயே ஓட்டுங்க. எல்லா வெல்டும் பாத்துட்டு 140, 150க்குப் போங்க. அதுக்கு மேல ஏத்தாதீங்க, மண்ணு வரலைன்னா பக்கெட்ட சின்னதா கடிக்க விடுங்க, பிரஷர ஏத்தறது பதில் இல்ல.

ஆயில் கசிவ கையால தடவிப் பாக்கறது பெரிய ஆபத்துங்க. ஊசி முனை ஓட்டையில 150 பார்ல வர்ற ஆயிலு கண்ணுக்கே தெரியாது, தோலுக்குள்ள ஏறிடும், வெளிய பாத்தா சின்ன சிவப்புப் புள்ளி மாதிரிதான் இருக்கும், உள்ள சதை அழுகிடும், வெரலே போயிடும். அட்டைத் துண்டு வெச்சுப் பாருங்க. தப்பித்தவறி பட்டுட்டா வலி இல்லைன்னு வீட்டுல இருக்காம உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க, ஹைட்ராலிக் ஆயிலு உள்ள ஏறிடுச்சுன்னு தெளிவா சொல்லுங்க.

தோண்டற எடத்துல மோட்டாரு கேபிளு, மெயின் பைப்பு எங்க போகுதுன்னு தெரிஞ்சவங்களக் கேட்டு சுண்ணாம்புல கோடு போட்டுக்கங்க. அஞ்சடி ஆழத்துக்கு மேல எடுத்த காவாக்குள்ள யாரும் எறங்கக் கூடாது, ஒரு கனமீட்டர் மண்ணு ஒண்ணரை டன்னுக்கு மேல இருக்கும், சரிஞ்சா கத்தக்கூட நேரம் இருக்காது.

ஓட ஆரம்பிச்ச பிறகு சரி பண்ணது

கட்டி முடிச்சா வேலை முடிஞ்சதுன்னு நெனைக்காதீங்க, நெசமான வேலை முதல் அம்பது மணி நேரத்துலதான் தெரியும்.

எனக்கு முதல்ல தொந்தரவு குடுத்தது சுத்தற வேகம். மண்ண அள்ளிட்டு லீவரத் தொட்டா கை சடார்னு போயி அந்தப் பக்கம் இடிக்கும், மொத்த டிராக்டரும் ஆடும். சுத்தறதுக்கு ரெண்டு 50 எம்எம் சிலிண்டர குறுக்கா இணைச்சிருக்கேன், ஒண்ணு தள்ளும்போது இன்னொண்ணு இழுக்கும், அதனால பலம் தேவைக்கு மேலயே இருந்துச்சு. வழி ரொம்ப எளிசு: ஹோஸ் மாட்டுற நிப்பிள் ரெண்டுக்குள்ளயும் பித்தளையில ஒரு சின்ன பில்லை கடைஞ்சு, நடுவுல ஒண்ணரை எம்எம் ஓட்டை போட்டு வெச்சேன். ஓட்டை சின்னதா ஆரம்பிங்க, ரொம்ப மெதுவாயிட்டா கழட்டி ரெண்டு எம்எம்முக்குப் பெருசு பண்ணிக்கலாம், பெருச சின்னதாக்க முடியாது. அதோட சுத்தற லைன்ல ஷாக் ரிலீஃப் வால்வும் போட்டேன், லீவர சட்டுன்னு விட்டா கையோட வேகம் முழுக்க அடைச்சு வெச்ச ஆயில்ல பிரஷரா எகிறும், அதுக்கு வெளிய போக ஒரு வழி வேணும்.

ரெண்டாவது, விரிசல். பூமுக்கு நடுவுல சிலிண்டர் காது வெல்டு பண்ண எடத்துக்கு பலமா இருக்கட்டும்னு ஒரு செவ்வகப் பட்டை ஒட்டியிருந்தேன், சரியா அந்தப் பட்டை முடியற எடத்துல பெயிண்டுல முடி மாதிரி ஒரு கோடு. துடைச்சேன், போகல. பட்டையோட ஓரம் குறுக்கா நேரா முடிஞ்சா விசை எல்லாம் அந்த ஒரு கோட்டுல வந்து குவியும். கோட்டோட ரெண்டு முனையிலயும் ரெண்டு நூல் டிரில் போட்டு விரிசல நிறுத்தி, கிரைண்டர்ல வி மாதிரி தோண்டி, 7018ல நெரப்பி, மேல மீன் வால் மாதிரி முனை கூர்மையா போற பட்டை வெச்சு, நீளவாக்குல மட்டும் வெல்டு பண்ணேன், முனையில குறுக்க வெல்டு வைக்கல. அதுக்கப்புறம் அங்க ஒண்ணும் வரல. நீங்க ஆரம்பத்துலயே மீன் வாலாவே வெட்டிடுங்க. வெள்ளை இல்லைன்னா மஞ்சள் பெயிண்டு அடிங்க, விரிசல் வந்தா துருக்கோடு பளிச்சுன்னு தெரியும்.

மூணாவது ஹோஸு. நடுக்கம்பத்துகிட்ட ஹோஸுங்க எல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒரசி மேல் ரப்பர் தேஞ்சு கம்பி தெரிஞ்சிடுச்சு. கம்பத்தோட நடுவுல சுத்தற மையத்து வழியாவே ஹோஸ எடுத்துட்டுப் போனா திருகல் கம்மி, பழைய தீயணைப்புக் குழாய்த் துணி கெடைச்சா மேல ஒறையா போட்டுடுங்க.

நாலாவது சூடு. மத்தியான வெயில்ல ரெண்டு மணி நேரம் ஓட்டுனா டேங்குல கை வைக்க முடியல. பாத்தா ரிலீஃப் வால்வு அடிக்கடி தொறந்துட்டு இருந்துச்சு, காரணம் நான்தான், சிலிண்டர் முனைக்குப் போன பிறகும் லீவரப் புடிச்சுட்டே இருந்தேன். ஓட்டற பழக்கத்த மாத்துனதும் பாதி சூடு எறங்கிடுச்சு, மீதிக்கு டேங்க சைலன்ஸர் பக்கத்துல இருந்து நகத்தி காத்துப் படற எடத்துல வெச்சேன். டேங்கு மேல உள்ளங்கைய அஞ்சு செகண்டு வைக்க முடியலைன்னா எஞ்சின நிறுத்திட்டு மரத்தடியில நீங்களும் கொஞ்ச நேரம் ஒக்காருங்க.

வேலை முடிஞ்சு ரோட்டுல ஓட்டிட்டுப் போகும்போது பூமுக்கு ஒரு லாக் பின்னு, சுத்தறதுக்கு ஒரு லாக் பின்னு கண்டிப்பா போடணும், ஆயில நம்பி கைய மேல தூக்கி வெச்சுட்டு யாரையும் அடியில போக விடாதீங்க. தெனமும் எட்டு மணி நேரத்துக்கு ஒரு தடவ எல்லா நிப்பிளுக்கும் கிரீஸ், பழைய கிரீஸு கருப்பா வெளிய வந்து புதுசு தெரியற வரைக்கும் அடிக்கணும். முதல் அம்பது மணி நேரத்துல ரிட்டன் ஃபில்டர மாத்திடுங்க, கழட்டுன ஃபில்டர வெட்டிப் பாத்தா உள்ள மினுமினுன்னு வெல்டிங் பிசிறு இருக்கும், ரெண்டாவது தடவ மாத்தும்போதும் அதே அளவுக்கு மினுங்குச்சுன்னா எங்கயோ ஒரு பின்னோ பம்போ தேயுதுன்னு அர்த்தம், அத தேடிப் புடிச்சுட்டுத்தான் மறுபடி வண்டிய எடுக்கணும்.